காரைக்கால் அம்மையார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்கனிக் கதை தெரியாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அம்மையார் பாடிய பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் பலரும் தயங்குகிறார்கள். கதை, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து சேக்கிழார் எழுதியது. பாட்டு அவரே பாடியது. இங்கே இரண்டைப் பற்றியும் பதில் இருக்கிறது. பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

காரைக்கால் அம்மையார் யார்?

அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவர். இயற்பெயர் புனிதவதி. கடல் வணிகத்தில் செழித்திருந்த காரைக்காலில், தனதத்தன் என்னும் வணிகரின் மகளாகப் பிறந்தார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு வாழ்க்கைப்பட்டார். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே வீடும் பொருளும் கொடுத்து மருமகனைத் தொழில் நடத்தச் செய்தார்.

நாயன்மார்களில் பெண்கள் மூவர்: மங்கையர்க்கரசியார், இசைஞானியார், இவர். மூவரில் பாடல்கள் தந்தவர் இவர் ஒருவரே.

எந்தக் காலத்தவர்?

சம்பந்தருக்கும் அப்பருக்கும் முந்தியவர். அவர்கள் ஏழாம் நூற்றாண்டு என்பதால், அம்மையாரை ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள் ஆய்வாளர்கள். தேவாரம் பிறப்பதற்கு முன்பே, பத்துப் பாட்டை ஒட்டி அமையும் பதிகம் என்ற வடிவத்தில் சிவனைப் பாடியவர் இவர். சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் ‘பேயார்க்கும் அடியேன்’ என்று சொல்லி, பேய் வடிவம் கேட்டுப் பெற்ற இவரை வணங்குகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இவர் வரலாற்றை விரித்துப் பாடினார்.

மாங்கனிக் கதையைச் சரியாகச் சொல்ல முடியுமா?

பரமதத்தனின் கடைக்கு வந்த சிலர் அவனிடம் இரண்டு மாம்பழங்கள் கொடுத்தார்கள். அவற்றை அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அந்த நேரம் பார்த்து வயதான சிவனடியார் ஒருவர் நல்ல பசியோடு வாசலில் வந்து நின்றார். சோறு வெந்திருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. கணவன் அனுப்பிய இரண்டில் ஒரு பழத்தை இலையில் வைத்து, புனிதவதி அவருக்குச் சோறு படைத்தார். அடியார் வயிறார உண்டு போனார்.

இந்த இடத்தில் சேக்கிழார் சொல்லும் சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கறி ஆகும்வரை இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வந்தவர் முதியவர், பசியில் தளர்ந்திருக்கிறார். அந்தப் பசியைப் பார்த்த பிறகு, பழம் யாருடையது என்ற கணக்கு புனிதவதிக்குத் தோன்றவே இல்லை.

நண்பகலில் பரமதத்தன் வந்தான். குளித்துச் சாப்பிட உட்கார்ந்தான். மீதியிருந்த பழத்தை வைத்தார். அதன் சுவை பிடித்துப்போய், ‘இன்னொன்று இருக்குமே, அதையும் வை’ என்றான். உள்ளே போய் செய்வதறியாமல் இறைவனை நினைத்து நின்றார். கையில் ஒரு பழம் வந்தது. அதை உண்டவன் ஆடிப்போனான். முதல் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘இது ஏது?’ என்றான். மறைக்க மனமில்லாமல் நடந்ததைச் சொன்னார். ‘அப்படியானால் இன்னொன்று வரவழை பார்க்கலாம்’ என்றான். வந்தது. அதை அவன் கையில் வாங்கிய உடனே மறைந்தது.

அதற்குப் பிறகு அவன் அவரை மனைவியாகப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தான். பிறகு வணிகத்துக்கென்று கப்பலேறிப் போய், திரும்பிவந்து பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் இறங்கி, வேறொரு வணிகர் மகளை மணந்துகொண்டான். பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

அவன் செய்தது நியாயமா?

இந்தக் கேள்வி வராத இடமில்லை. கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேக்கிழார் அவனைக் கெட்டவனாகக் காட்டவில்லை, பயந்துபோனவனாகக் காட்டுகிறார். உறவினர் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அந்த ஊருக்கே அழைத்துப் போனபோது, இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவர் காலில் விழுகிறான். ‘இவர் மானிடர் அல்லர், தெய்வம், அதை அறிந்துதான் விலகினேன், பிறந்த மகளுக்கும் இவர் பெயரை வைத்தேன், நீங்களும் வணங்குங்கள்’ என்று சுற்றத்தாரிடம் சொல்கிறான்.

கணவன் தன் காலில் விழுந்ததும் புனிதவதி அஞ்சி ஒதுங்கி, சுற்றத்தார் பக்கத்தில் போய் நிற்கிறார். தனக்கென்று இருந்த ஒரு வாழ்க்கை எல்லார் முன்னிலையிலும் முடிந்துபோன நேரம் அது.

அழகான உருவத்தை விட்டுப் பேய் வடிவம் ஏன் கேட்டார்?

‘இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து’ என்று அவர் வேண்டுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். இந்த உடம்பின் அழகைச் சுமந்தது இவனுக்காக. இவன் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இனி எதற்கு இது? உன் திருவடியைச் சூழ்ந்து நின்று போற்றும் பேய்க்கணத்தில் எனக்கும் ஓர் உருவம் கொடு. இதுதான் அவர் கேட்டது.

கணவனைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. அவன்மேல் சாபமும் இல்லை, புலம்பலும் இல்லை. வாழ்க்கை கைவிட்டதால் கடவுளிடம் போனார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேசக் கற்ற நாள் முதலே மனம் அங்கேதான் இருந்தது என்று அவரே பாடியிருக்கிறார். மனைவி என்ற கடமை இருந்தவரை அதைக் குறைவின்றிச் செய்தார், அது முடிந்ததும் தன் வழியில் போனார். இளமையும் அழகும் போய்விட்டால் பெண்ணுக்கு என்ன மிச்சம் என்று இன்றைக்கும் கேட்கிற ஊர் நம்முடையது. எலும்பும் நரம்புமான உருவத்தோடு கோயில்களில் பூசை ஏற்கும் ஒரு பெண்ணை நம் முன்னோர் நாயன்மார் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

கயிலாயத்துக்குத் தலையால் நடந்து போனாரா?

ஆம், பெரியபுராணம் அப்படித்தான் சொல்கிறது. இறைவன் இருக்கும் மலையில் காலால் மிதிக்க மனம் வராமல் தலையால் ஏறினார். உமையம்மை வியந்து ‘யார் இது?’ என்று கேட்க, ‘வருமிவள் நம்மைப் பேணும் அம்மை காண்’ என்றார் சிவன். தாயும் தந்தையும் இல்லாத பெருமான் ஒருவரை ‘அம்மையே’ என்று அழைத்த இடம் இதுதான். ‘அப்பா’ என்று அம்மையார் விழுந்து வணங்கினார்.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது சைவர்கள் பலருக்கும் மனப்பாடம்:

‘பிறவாமை வேண்டும் மீண்டும் பிறப்புண்டேல் உன்னை என்றும்
மறவாமை வேண்டும் இன்னும் வேண்டும் நான் மகிழ்ந்து பாடி
அறவா நீ ஆடும் போது உன் அடியின் கீழ் இருக்க.’

பிறவாமையைக் கேட்டவர் அதோடு நிற்கவில்லை. ஒருவேளை பிறக்க நேர்ந்தால் என்று அதற்கும் ஒன்று கேட்டுவைக்கிறார். கடைசியாகக் கேட்பது ஓர் இடம், ஆடும் காலுக்குக் கீழே உட்கார்ந்து பாட. திருவாலங்காட்டுக்குப் போ என்று இறைவன் அனுப்பினார்.

அவர் பாடியவை எவை?

நான்கு. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. திரு இரட்டைமணிமாலை 20 பாடல், கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறி மாறி வரும். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் இரண்டு, ஒவ்வொன்றிலும் 11 பாடல். மொத்தம் 143. எல்லாம் சைவப் பாடல் தொகுப்புகளான பன்னிரு திருமுறைகளில் பதினோராவதில் உள்ளன.

அந்தத் திருமுறையின் தொடக்கத்தில் இருப்பது, மதுரைப் பெருமானே எழுதியனுப்பியதாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம். அதற்கு அடுத்து அம்மையாரின் பாடல்கள். இறைவன் எழுதியதற்குப் பக்கத்தில் அம்மை பாடியதை வைத்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அற்புதத் திருவந்தாதியில் அப்படி என்ன இருக்கிறது?

முதல் பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

‘பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம் காதல்
சிறந்துநின் சேவடியே சேர்ந்தேன் - நிறந்திகழும்
மைஞ்ஞான்ற கண்டத்து வானோர் பெருமானே
எஞ்ஞான்று தீர்ப்பது இடர்.’

பேச வந்த நாளிலிருந்து உன் அடியைத்தான் பற்றியிருக்கிறேன், என் துன்பத்தை என்றைக்குத் தீர்க்கப் போகிறாய்? உரிமையோடு கேட்கிற கேள்வி இது. அடுத்த பாட்டைப் படித்தால்தான் அந்த உரிமையின் ஆழம் புரியும். ‘இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்’ என்று ஆரம்பிக்கிறார். துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும் சரி, எனக்கு இரங்காவிட்டாலும் சரி, போகவேண்டிய வழியைக் காட்டாவிட்டாலும் சரி, எலும்பு மாலை அணிந்து தீயில் ஆடும் அவர்மேல் என் நெஞ்சுக்கு அன்பு அறாது. கேட்டது கிடைக்காவிட்டாலும் குறையாத அன்பை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு வேறு எனக்குத் தெரியாது. வேண்டுதல் பலிக்கவில்லையே என்று மனம் நொந்து போகிறவர்களுக்கு நான் இந்த வெண்பாவைத்தான் எழுதிக் கொடுப்பது.

இன்னொன்று, 61ஆம் பாட்டு. ‘அன்றும் திருவுருவம் காணாதே ஆட்பட்டேன், இன்றும் திருவுருவம் காண்கிலேன்’ என்கிறார். உங்கள் பெருமான் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்லட்டும், உன் உருவம்தான் எது என்று அவரிடமே திரும்பிக் கேட்கிறார். பார்த்த பிறகு நம்பியவர் அல்ல இவர். பார்க்காமலே அடிமையானவர், அதை ஒளிக்காமல் சொல்கிறவர்.

சிவன் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. வானத்தில் இருக்கிறார் என்பவர்கள் சொல்லட்டும், தேவர்கோன் ஊரில் இருக்கிறார் என்பவர்களும் சொல்லட்டும், ‘என்நெஞ்சத் தானென்பன் யான்.’ அடுத்தவர் சொல்வதை மறுக்கவில்லை, தான் அறிந்ததை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

தாயாகப் பேசும் பாடல்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. கயிலையில் சிவன் ‘அம்மையே’ என்று அழைத்தது வெறும் மரியாதைக்கு அல்ல என்று நினைக்க வைப்பவை அவை. 27ஆம் வெண்பாவில், ‘அந்தப் பாம்பை விரும்பி மார்பில் போட்டுக்கொள்ளாதே, எத்தனை நாளாகக் கும்பிட்டுக் கெஞ்சுகிறோம், பொன்னால் ஆன மாலை வேறொன்று போட்டுக்கொள்’ என்கிறார். அதே பாட்டில், ஒரே அம்பால் மூன்று கோட்டைகளை எய்தவனே என்று அவரைக் கூப்பிடுகிறார். திரிபுரம் எரித்த வீரனிடம் நகை மாற்றச் சொல்லும் இந்தக் குரல், வெளியே புறப்படும் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்யும் தாயின் குரல்.

77ஆம் பாட்டில் வேறொரு கவலை. நீ காலைப் பெயர்த்தால் பாதாளம் பெயரும், முடி அசைந்தால் வானத்து முகடு பெயரும், வளை புரளும் கை வீசினால் திசைகள் பெயரும். ‘அறிந்தாடும் ஆற்றா தரங்கு.’ பார்த்து ஆடு, மேடை தாங்காது. மேடை என்பது இந்த உலகம்.

சுடுகாட்டுப் பாட்டுகளை வீட்டில் பாடலாமா? பயமாக இருக்காதா?

தாராளமாகப் பாடலாம். பாடினால் பாவம் நாசமாகும் என்று அவரே பதிக முடிவில் சொல்லியிருக்கிறார். முதல் பதிகத்துக்குப் பண் நட்டபாடை, இரண்டாவதற்கு இந்தளம். ஓதுவார்கள் அப்படித்தான் பாடுகிறார்கள்.

பயத்தைப் பற்றிக் கேட்டால், முதல் பாட்டு சற்று உலுக்கத்தான் செய்யும். ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்று தொடங்குகிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த முடி, நீண்ட பல். ஒரு பெண்பேய் காய்ந்த காட்டில் அலறுகிறது. அந்தக் காட்டில்தான் சடை எட்டுத் திசையும் வீச, உடல் குளிர, அனலில் ‘எங்கள் அப்பன்’ ஆடுகிறார். இத்தனை பயங்கரத்துக்கு நடுவில் ‘அங்கங் குளிர்ந்து’ என்ற இரண்டு சொல்.

இரண்டாவது பாட்டைப் படித்தால் பயம் போய்விடும். ஒரு பேய் கள்ளியின் கவட்டில் காலை நீட்டி உட்காருகிறது. கொள்ளிக் கட்டையை எடுத்து மசித்து மை ஆக்கி, கண்ணுக்குத் தீட்டிக்கொள்கிறது. வெடுவெடென்று சிரிக்கிறது. பிறகு எதையோ பார்த்து மிரண்டு துள்ளுகிறது. துள்ளிய வேகத்தில் பிணத்தீ சுட்டுவிட, கோபம் வந்து புழுதியை அள்ளிப் போட்டுத் தீயை அணைக்கப் பார்க்கிறது. எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருந்தால், எவ்வளவு பிரியம் இருந்திருந்தால் இப்படி எழுத முடியும்! மைதீட்டி அழகு பார்க்கும் ஆசை பேய்க்கும் உண்டு என்று கண்டவர், அழகைத் தானே துறந்த பெண்.

இரண்டாம் பதிகம் எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை, கள்ளி என்று அந்தக் காட்டுச் செடிகளின் பெயரோடு தொடங்குகிறது. முதல் பதிகத்தின் இன்னொரு பாட்டில் துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி என்று பண்ணின் சுரங்களும், சச்சரி, கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை என்று வாத்தியங்களும் வரிசையாக வருகின்றன. சுடுகாட்டில் முழுக் கச்சேரி. தமிழிசை வரலாறு படிப்பவர்கள் இந்தப் பாட்டைத் தவறவிடக் கூடாது.

மாங்கனி, கணவன் பற்றி அவர் பாடல்களில் ஏதாவது வருகிறதா?

வரவில்லை. 143 பாடல்களில் பரமதத்தன் இல்லை, மாம்பழம் இல்லை, புனிதவதி என்ற பெயரும் இல்லை. தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொள்வது ‘காரைக்காற் பேய்’ என்பது ஒன்றுதான். கதையைப் பொய் என்று சொல்ல இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரைப் பொறுத்தவரை பாட வேண்டியது வேறாக இருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் கதையோடு நின்றுவிடாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன்.

ஆண்டாளுக்கு முந்தியவரா?

ஆம். ஆண்டாள் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு.

சம்பந்தர் திருவாலங்காட்டுக்குள் கால் வைக்கவில்லை என்பது என்ன?

அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பதால் மிதிக்க அஞ்சி, சம்பந்தர் பக்கத்தூரில் தங்கிவிட்டார் என்கிறது பெரியபுராணம். இரவு கனவில் இறைவன் வந்து ‘நம்மைப் பாட மறந்தாயோ’ என்று கேட்க, ‘துஞ்ச வருவாரும்’ என்ற பதிகம் பிறந்தது. ஞானப்பால் உண்ட பிள்ளையே அம்மையாருக்குக் கொடுத்த மதிப்பு அது.

சிலைகளில் அவரை எப்படி அடையாளம் காண்பது?

சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள். எல்லாரும் நிற்க, மெலிந்த உருவத்தில் உட்கார்ந்திருப்பவர் இவர். கையில் தாளம் இருக்கும். நடராசர் சிற்பங்களில் தூக்கிய திருவடிக்குக் கீழே பேய்க்கணத்தோடு இருப்பார். கங்கைகொண்ட சோழபுரத்தில் அப்படிப் பார்க்கலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் சில கடல் தாண்டிப் போய், அமெரிக்காவில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. விலா எலும்பு தெரியும் உடம்பு, தொங்கிய மார்பு, முகத்தில் மட்டும் ஒரு நிறைவு. அந்தச் சிற்பிகள் மூத்த திருப்பதிகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மாங்கனித் திருவிழா எப்போது?

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி, காரைக்காலில். மாப்பிள்ளை அழைப்பு, பரமதத்தர் - புனிதவதியார் திருக்கல்யாணம் என்று நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கும். முக்கியமான நாளில் பிச்சாடனர் கோலத்தில் சுவாமி வீதியுலா வருவார். வீட்டு மாடிகளிலும் திண்ணைகளிலும் கூடை கூடையாக மாம்பழத்தோடு காத்திருக்கும் மக்கள், சுவாமி கடந்ததும் பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் தாவிப் பிடிப்பார்கள். பிள்ளை வரம் வேண்டிப் பழத்தைப் பிடித்துப் போகிறவர்கள் ஏராளம். அப்புறம் சுவாமியை அம்மையார் எதிர்கொண்டு அழைத்துப்போய் அமுது படைப்பார். அந்தப் பழைய வாசலும் பசியோடு வந்த கிழவரும் ஊரே சேர்ந்து நடத்திப் பார்க்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. பங்குனிச் சுவாதியில் அம்மையாரின் குருபூசை.

திருவாலங்காடு எங்கே இருக்கிறது?

திருவள்ளூர் மாவட்டத்தில். சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் திருவாலங்காடு நிலையம் உண்டு. கோயில் ஊருக்குள் தள்ளி இருப்பதால் அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். சுவாமி வடாரண்யேசுவரர். சிவன் ஆடிய ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காளியோடு போட்டியிட்டு ஆடியபோது ஒரு காலை மேலே தூக்கி ஆடிய ஊர்த்துவ தாண்டவத் தலம் இது.

எந்தப் பாட்டிலிருந்து படிக்கத் தொடங்குவது?

அற்புதத் திருவந்தாதியின் முதல் மூன்று வெண்பாக்கள். ஒன்றன் கடைசிச் சொல் அடுத்ததன் முதற்சொல்லாக வருவதால் எளிதில் மனத்தில் நிற்கும். ‘இடர்’ என்று முடிந்தால் ‘இடர்களையாரேனும்’ என்று தொடங்கும். நூற்றியோராவது பாட்டு ‘பிறந்து’ என்று முடிந்து, முதல் பாட்டின் ‘பிறந்து’ என்பதோடு சேர்ந்துகொள்ளும். வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். உரையோடு உள்ள பதிப்பாக வாங்குங்கள். வெண்பாவைப் பிரித்துப் படித்துவிட்டு, பிறகு சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். மூத்த திருப்பதிகத்தை அதற்குப் பிறகு எடுக்கலாம், முடிந்தால் ஓதுவார் ஒருவர் பாடக் கேட்டுவிட்டு.